ஆட்டோகிராப் நோட்டும் அதன் அண்டை நூல்களும்

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமான பிறகு அவருடைய புத்தக அலமாரியை ஒழிக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இலக்கியமும் அகராதியும் சட்ட நூல்களும் நூலகத்துக்கோ பழைய புத்தகக் கடைக்கோ போகின்றன. பள்ளிக்கூடத்தில் பரிசாக வந்த நூல்கள், வரவுசெலவு எழுதிய டைரி, சமையல் குறிப்பு நோட்டு, பஞ்சாங்கம், சினிமாப் பாட்டுப் புத்தகம் எல்லாம் எடைக்குப் போகின்றன. அவற்றோடு சேர்ந்து போவது, படிப்பு முடிந்து பிரியும்போது நண்பர்கள் எழுதிக் கொடுத்த ஆட்டோகிராப் நோட்டு. அதில் பெயர் பெற்றவர் ஒருவரின் கையெழுத்து இருந்தால் அந்த ஒரு தாள் மட்டும் கிழிபட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறும். இந்த வழக்கம் பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். ஆட்டோகிராப் நோட்டு பலர் கூடி எழுதிய ஒரு நூல். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதை முழுதாக வைத்துத்தான் படிக்க வேண்டும். அது எந்த நூல்களுக்கு நடுவே இருந்ததோ அவற்றோடு சேர்த்தும் படிக்க வேண்டும்.

ஆட்டோகிராப் வாங்கும் பழக்கம் பிறந்த விதமே இதற்கு முதல் சான்று. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் லூதர், மெலாங்தன் போன்ற ஆசான்களிடம் ஓரிரு வரிகள் எழுதி வாங்கத் தொடங்கினார்கள். அப்போது அதற்கென்று தனி நோட்டு கிடையாது. கையில் இருந்த அச்சு நூலையே இடையிடையே வெற்றுத் தாள் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். 1531இல் ஆக்ஸ்பர்க் நகரில் முதலில் அச்சான அல்சியாட்டோவின் படச் செய்யுள் நூல் இதற்கு மிகவும் விரும்பப்பட்டது. ஒரு பக்கம் படமும் அதற்கான லத்தீன் செய்யுளும். எதிர்ப்பக்கம் நண்பரின் கையெழுத்து. எழுதுபவர் தமக்கு ஏற்ற படத்தைத் தேடி அதன் எதிரே எழுத முடிந்தது. பக்கங்களுக்கும் ஒரு மரியாதை வரிசை இருந்தது. முன்பக்கங்கள் இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும், அடுத்தவை பேராசிரியர்களுக்கும், பின்பக்கங்கள் தோழர்களுக்கும் என்று விட்டுவைத்தார்கள். அதனால் 1580இல் எழுதியது முன்னாலும் 1575இல் எழுதியது பின்னாலும் இருக்கலாம். தாளைத் தனியே கிழித்து எடுத்தால் எதிரே இருந்த படமும் போகும், அந்த வரிசையும் போகும்; எழுதியவரை நோட்டுக்காரர் எந்த இடத்தில் வைத்து மதித்தார் என்பதும் தெரியாமல் போகும்.

நோட்டை மற்ற நூல்களோடு சேர்த்துப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இசை வரலாற்றில் ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 1747 அக்டோபரில் யோஹான் செபாஸ்டியன் பாக், ஃபுல்டே என்ற இறையியல் மாணவரின் கையெழுத்து ஆல்பத்தில் சில வரி இசைக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் கேனன் என்ற வகை அது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த இசை உலகுக்குத் தெரிந்திருந்தது அந்த மாணவரின் ஒற்றைப் பக்கத்தால்தான். பிறகு 1974இல், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில், பாக் தம் கைவசம் வைத்திருந்த, கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்ற தம் இசைப் படைப்பின் அச்சுப் பிரதி வெளிப்பட்டது. அதன் பின்புறத்து வெற்றுப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிய 14 கேனன்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஃபுல்டேயின் ஆல்பத்தில் இருந்த அதே கேனன்! அந்தப் பெரிய படைப்பின் அடிநாதமான எட்டுச் சுரங்களின் மேல் கட்டியவை அவை. மாணவருக்கு எழுதிக் கொடுத்தது ஏதோ கைபோன போக்கில் கிறுக்கியதல்ல, தம் மனத்தில் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிந்தனையின் பகுதி என்பது அப்போதுதான் தெளிவானது. ஆல்பம் ஒன்று, அச்சு நூலின் பின்பக்கத்துக் கையெழுத்து ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பொருள் முழுமையாயிற்று. இரண்டில் ஒன்றை யாராவது பழந்தாள் என்று கழித்திருந்தால், மற்றது பாதி ஊமையாகவே இருந்திருக்கும்.

பெரிய பெயருக்காக மட்டும் ஆல்பத்தைப் புரட்டுவதில் வேறொரு குறையும் இருக்கிறது. 1792இல் பேத்தோவன் பான் நகரத்தை விட்டு வியன்னாவுக்குக் கிளம்பியபோது நண்பர்கள் எழுதிக் கொடுத்த ஆல்பம் இன்று ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. மொஸார்ட்டின் ஆன்மாவை ஹைடனின் கைகளிலிருந்து பெறுவாய் என்ற கருத்தில் வால்ட்ஸ்டைன் பிரபு எழுதிய பக்கம் பேத்தோவனைப் பற்றிய வரலாறுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. மற்ற பக்கங்களை எத்தனை பேர் பார்த்தார்கள்? பான் நகரச் சந்தைச் சதுக்கத்தில் விதவைப் பெண்மணி ஒருவர் நடத்திவந்த விடுதியில் கூடிய இளைஞர்கள் அவற்றில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். பேத்தோவன் பாடம் சொல்லிக்கொடுத்த பிராய்னிங் வீட்டு மகளும் எழுதியிருக்கிறார். 21 வயது இளைஞனை வழியனுப்பியவர்கள் இவர்கள். பிரபுவின் பக்கம் பேத்தோவனின் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்கிறது என்றால், இந்தப் பக்கங்கள் அவர் எந்தப் பேச்சுக்கும் எந்தத் தோழமைக்கும் நடுவே வளர்ந்தார் என்று சொல்கின்றன. வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்கு இரண்டாவதுதான் அரிதாகக் கிடைக்கும் செய்தி.

தனியே பிரித்தெடுத்த வரி எப்படித் திரிந்துபோகும் என்பதையும் ஒரு பழைய வழக்கு காட்டுகிறது. இங்கிலாந்தின் தூதர் ஹென்றி வாட்டன் 1604இல் வெனிஸுக்குப் போகும் வழியில் ஆக்ஸ்பர்க்கில் ஒரு நண்பரின் ஆல்பத்தில் வேடிக்கையாக எழுதினார்: நாட்டு நன்மைக்காகப் பொய் சொல்ல வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் நல்ல மனிதர்தான் தூதர் என்று. நண்பர்கள் சிரித்துவிட்டுப் புரட்டியிருப்பார்கள். 1611இல் எதிர்த்தரப்பு அறிஞர் ஷோப்பே அதை எடுத்து அச்சிட்டு, இதுவே இங்கிலாந்து மன்னரின் கொள்கை என்று தூற்றினார். ஜேம்ஸ் மன்னருக்குக் கடுங்கோபம். வாட்டன் விளக்கமும் மன்னிப்பும் எழுத வேண்டியதாயிற்று. அந்த வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த பக்கங்கள் இல்லாமல் போனதுதான் வினையாயிற்று.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். ஆட்டோகிராப்பில் இருப்பவை எல்லாம் இரவல் வரிகள், ஒருவர் எழுதியதையே பத்துப் பேர் எழுதுகிறார்கள், அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இரவல் வரிகள்தாம், மறுக்கவில்லை. ஆல்பத்தில் எழுதுவதற்கென்றே வரிகள் தொகுத்த நூல்கள் ஐரோப்பாவில் அச்சாகி விற்றன. ஆனால் ஆயிரம் வரிகள் கிடைக்கும்போது ஒருவர் எதை இரவல் வாங்கினார் என்பதில்தான் அவர் தெரிகிறார். 1791இல் தூபிங்கன் இறையியல் விடுதியில் படித்த, பின்னாளில் தத்துவ அறிஞரான ஹெகலின் ஆல்பத்தில் அவருடைய தோழர் ஹோல்டர்லின் எழுதியது கதேயின் நாடகத்திலிருந்து எடுத்த வரி. வேறு தோழர்கள் எழுதியவை பிரெஞ்சுப் புரட்சியின் விடுதலை முழக்கங்கள், அதுவும் பிரெஞ்சு மொழியிலேயே. ஒன்றிலும் சொந்தச் சொல் இல்லை. ஆயினும் பாதிரிமாராகப் பயிற்சி பெற்ற மாணவர்களின் அறைகளில் பாரிஸின் காற்று எவ்வளவு விரைவாக நுழைந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம். ஒரே வாழ்த்து ஒரே வகுப்பில் இருபது நோட்டுகளில் வந்தால், அந்த ஆண்டு அந்த வகுப்பு எதைப் படித்தது, எந்தப் பாட்டை முணுமுணுத்தது என்பதற்கு அதுவே தடயம். அந்தப் பாட்டுப் புத்தகம் அதே அலமாரியில் இருந்தால் தடயம் உறுதியாகும்.

இவையெல்லாம் வெறும் பெருமைக்காகச் சேர்த்தவை என்பது அடுத்த மறுப்பு. சில ஆல்பங்களைப் பொறுத்தவரை இது உண்மை. ஆக்ஸ்பர்க் கலைப்பொருள் வணிகர் ஃபிலிப் ஹைன்ஹோஃபர் 17ஆம் நூற்றாண்டில் சேர்த்த பேரால்பத்தில் பேரரசர்களும் மன்னர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தேர்ந்த ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். 1647இல் அவர் இறந்த பிறகு அதை வாங்க முயன்று முடியாமல் போனார் ஆகஸ்ட் கோமகன். அவர் பெயரால் வோல்ஃபன்பியூட்டலில் விளங்கும் நூலகம் 2020இல் சுமார் 28 லட்சம் யூரோ கொடுத்து அதை வாங்கியது. அது ஒரு வணிகரின் விளம்பரப் பலகையும்கூடத்தான். ஆனால் பெருமைக்காகச் சேர்த்ததிலும் சேர்த்தவர் நினைக்காத செய்திகள் தங்கிவிடுகின்றன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்தான்புல் போன ஐரோப்பியப் பயணிகள், அங்கே விற்ற எப்ரு என்னும் வண்ண அலைத்தாள்களை வாங்கித் தங்கள் ஆல்பங்களில் சேர்த்துக் கட்டினார்கள். பகட்டுக்குத்தான் செய்தார்கள். பின்னாளில் ஐரோப்பிய நூல்களின் உள்ளட்டைகளை எல்லாம் அலங்கரித்த அந்தத் தாள் எந்த வழியாக வந்தது என்று தேடுபவர்களுக்கு இன்று முதன்மையான சான்று அந்த ஆல்பங்களே.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால், பலர் கூடி ஒரு நூலில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முன்பக்கங்களில் சாற்றுகவிகள் வரிசையாக நிற்கும். இன்ன ஊர், இன்ன மடத்து வித்துவான், இன்ன பள்ளித் தமிழாசிரியர் என்று பெயர்களோடு. புகழ்ச்சி மிகுந்தவை என்று மறுபதிப்புகளில் பலவற்றை நீக்கிவிட்டார்கள். நீங்கியது புகழ்ச்சி மட்டுமா? நூலாசிரியரைச் சுற்றி யார் இருந்தார்கள் என்ற கணக்கும் சேர்ந்து நீங்கிற்று. ஆட்டோகிராப் நோட்டுக்கும் இதே கதிதான் நேர்கிறது. காந்தியடிகள் ஹரிஜன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார். அப்படிப்பட்ட பக்கம் ஒன்று நோட்டில் இருந்தால் அதற்கு விலை சொல்ல ஆள் இருக்கிறது. அதே நோட்டில் எழுதிய தலைமையாசிரியருக்கும் வகுப்புத் தோழிக்கும் இல்லை. ஆனால் ஐந்து ரூபாய் கொடுத்து அந்தக் கையெழுத்தை வாங்கிய மனிதர் யார், எந்த ஊர், எந்தக் கூட்டாளிகள் என்பதை அந்த மற்றப் பக்கங்கள்தான் சொல்லும்.

எதையும் கழிக்காமல் சேர்ப்பது நடக்கிற காரியமா என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா நடத்திக் காட்டியிருக்கிறார். பெருநூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் ஒரே அக்கறையோடு திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; 1994 முதல் அது சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. தமிழ் நாடகத்தையும் அச்சையும் பற்றி எழுத வருபவர்கள் அந்தச் சிறு தாள்களைத் தேடித்தான் அங்கே போகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் மறுப்பு ஒன்றுதான்: அந்தரங்கம். வகுப்புத் தோழர் எழுதிய பாசமோ ஊடலோ ஊரார் படிப்பதற்கா? கடிதத்தைப் போல ஒருவருக்காக மட்டும் எழுதியதல்ல ஆட்டோகிராப். அடுத்து எழுதுபவர் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார் என்பது எழுதிய எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எழுதியவர்கள் உயிரோடு இருக்கக்கூடிய காலம் வரை அவர்களுடைய பெயர்களைப் பொதுவில் வைக்கக் கூடாது என்பது நியாயமே. கடிதங்களை வாங்கும் ஆவணக் காப்பகங்கள் இத்தனை ஆண்டுகளுக்குத் திறப்பதில்லை என்று நிபந்தனையோடு வாங்குகின்றன. ஆட்டோகிராப் நோட்டுக்கும் அது பொருந்தும். பூட்டி வைத்ததைப் பின்னால் திறந்துகொள்ளலாம்; எடைக்குப் போட்டதை என்ன செய்ய முடியும்?

ஆகவே வீட்டு நூலகம் ஒன்று பொது நூலகத்துக்கு வரும்போது, ஆட்டோகிராப் நோட்டு ஒன்று என்று பட்டியலில் எழுதி முடித்துவிடக் கூடாது. பள்ளி, ஊர், ஆண்டு, எழுதியவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கங்கள் காலி, எந்தத் தாள் கிழிந்திருக்கிறது, எந்த நூல்களோடு வந்தது என்பவற்றைக் குறிக்க வேண்டும். பரிசு நூலில் ஒட்டிய சீட்டில் உள்ள பெயரும் நோட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். நடுவே புகைப்படமோ காய்ந்த பூவோ பேருந்துச் சீட்டோ இருந்தால், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதிக்கொண்ட பிறகே அதை எடுக்க வேண்டும்.