விண்ணிலிருந்து வயலைக் காணும் கண்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



"செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்க்கிறது என்கிறீர்கள். என் வயல் மூழ்கியது மட்டும் அதற்குத் தெரியாமற் போனதேன்?" என்று சென்ற வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இன்று வந்துள்ளேன்.

நம் நாட்டில் தொலையுணர்வுப் பணி பயிர் நோய் ஒன்றிலிருந்தே தொடங்கியது எனலாம். 1970-ஆம் ஆண்டையொட்டி, பேராசிரியர் பிஷாரடியின் தலைமையில், கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புப் படம் எடுத்தனர். வாடல் நோய் கண்ட மரங்கள் படத்தில் வேறுபட்டுத் தெரிந்தன. பின்னர் 1979-இல் பாஸ்கரா-1, 1988-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 2011-இல் ரிசோர்ஸ்சாட்-2, 2016-இல் ரிசோர்ஸ்சாட்-2ஏ என வரிசையாக விண்ணில் ஏவப்பட்டன.

இவை பயிரை எப்படி அறிகின்றன? பச்சை இலை சிவப்பு ஒளியை உட்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. பயிர் வாடினால் இந்த வேறுபாடு குறைகிறது.

ஆனால் அளவைக் கவனியுங்கள். ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 கருவியில் படத்தின் ஒரு புள்ளி 23.5 மீட்டர் சதுரம்; அதாவது சுமார் 13½ சென்ட். அதே கோள் 24 நாட்களுக்கு ஒரு முறைதான் லிஸ்-3 கொண்டு அதே இடத்தைப் படமெடுக்கும். ஏவிஃப்ஸ் என்னும் மற்றொரு கருவி 5 நாட்களுக்கொரு முறை பார்க்கும். அதன் ஒரு புள்ளியோ முக்கால் ஏக்கருக்கும் மேல். உங்கள் அரை ஏக்கர், பக்கத்து வயலோடு கலந்தே தெரியும்.

இன்னொரு குறை மேகம். நமது சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடினால் இக்கருவிகளுக்குத் தரை தெரியாது. இங்கேதான் ரேடார் கோள்கள் உதவுகின்றன. அவற்றின் நுண்ணலைகள் மேகத்தை ஊடுருவும். நடவு வயலில் தேங்கிய நீர் அலையை வேறு பக்கம் சிதறவிடுவதால் படம் கருமையாக இருக்கும். பயிர் வளர வளர வெளுக்கும். இதைக் கொண்டு நடவான காலத்தைக் கணிக்கலாம்.

2022 பிப்ரவரியில் இ.ஓ.எஸ்.-04 என்ற ரேடார் கோள் ஏவப்பட்டது. 2025 மே மாதத்தில் ஏவிய இ.ஓ.எஸ்.-09 சுற்றுப்பாதையை அடையவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலை 30-இல், இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய நிசார், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றிகரமாகச் சென்றது. 12 நாட்களுக்கொரு முறை அதே இடத்தைப் பார்ப்பதற்கென்று அமைக்கப்பட்ட கோள் அது. மண்ணின் ஈரத்தை அறியவும் அது உதவும். அடுத்து ரிசோர்ஸ்சாட்-3 வரிசையும் திட்டத்தில் உள்ளது.

பயிர்க் காப்பீட்டிலும் இவற்றின் பங்கு கூடி வருகிறது. 2023 காரீஃப் முதல் நெல், கோதுமை மகசூலைக் கணக்கிடுகையில், பயிர் அறுவடைப் பரிசோதனையோடு தொலையுணர்வு மதிப்பீட்டிற்கும் குறைந்தது 30 விழுக்காடு இடம் தர வழி செய்யப்பட்டுள்ளது. எனினும் அந்தக் கணக்கு ஊருக்கானது. உங்கள் ஒரு வயலுக்கானது அன்று.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

1. சாகுபடி செய்த பயிரும் பரப்பும் அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளனவா எனப் பாருங்கள்.

2. காப்பீட்டுப் பதிவில் சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

3. நடவு நாளைக் குறித்து வையுங்கள்.

4. சேதம் நேர்ந்தால், கோள் பார்த்துக்கொள்ளும் என்றிராமல், உடனே வேளாண்மை அலுவலரிடம் தெரிவியுங்கள்.

விண்ணிலுள்ள கண் ஊரைப் பார்க்கும். உங்கள் வயலைப் பார்க்க வேண்டிய கண் வரப்பில் நிற்கும் உங்களுடையதே. இரண்டும் சேர்ந்தால் பயன் உண்டு.