ஷிஃப்ட் முடிஞ்சு கேம் செய்யலாமா? நாலு வார்த்தை

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வந்து, ராத்திரி கேம் டெவலப்மென்ட் வீடியோ பாக்குறவங்க ஒரு கட்டத்துல நிறுத்திடுறாங்க. காரணம் கோடு இல்லை, வார்த்தைகள். இன்னைக்கு நாலு வார்த்தை மட்டும் பாக்கலாம். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான்.

முதல்ல மெக்கானிக். நமக்கு அது வண்டி சரிபண்றவர். கேம்ல, ஆடுறவர் செய்யுற செயலும் அதோட விதியும். தாவுறது ஒரு மெக்கானிக். 2023-ல வந்த 'வெண்பா'வை எடுத்துக்குங்க. டொரன்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் செஞ்சது. 1980-கள்ல கனடா போன தமிழ்க் குடும்பத்தோட கதை. அதுல மெக்கானிக் சமையல். அம்மாவோட சமையல் நோட்டு கிழிஞ்சு அழிஞ்சிருக்கும். விடுபட்டதை நாமதான் யோசிச்சு இட்லி அவிக்கணும். ஊரை விட்டு வந்தவங்க எதையெல்லாம் தொலைச்சாங்கன்னு, வசனம் இல்லாமலே நம்ம கை புரிஞ்சுக்குது. 2024-ல பாஃப்டாவோட சிறந்த அறிமுக கேம் விருது அதுக்குத்தான்.

ரெண்டாவது, கேம் லூப். பட்டன் அழுத்துனாங்களான்னு பாக்கணும், அதுக்கேத்த மாதிரி நிலையை மாத்தணும், திரையில வரையணும். மறுபடி முதல்லேர்ந்து. கன்வேயர் மாதிரி நிக்காம ஓடும்.

மூணாவது, ஃப்ரேம். லூப் ஒரு சுத்து வந்தா ஒரு படம், அதான் ஃப்ரேம். நொடிக்கு 60 வேணும்னா ஒரு படத்துக்கு 16.6 மில்லிசெகண்ட்தான். லைன்ல இதை சைக்கிள் டைம்னு சொல்வீங்க. ஒரு ஸ்டேஷன் லேட்டானா மொத்த லைனும் லேட். இங்க படம் திக்கித் திக்கி ஓடும்.

நாலாவது, டெல்டா டைம். 'ஒரு சுத்துக்கு 5 பிக்சல் நகரு'ன்னு எழுதுறீங்க. 60 ஃப்ரேம் ஓடுற மெஷின்ல நொடிக்கு 300 பிக்சல் போகும். 30 ஓடுற பழைய லேப்டாப்ல 150தான். ஒரே கேம், ஆனா ஆளுக்கு ஒரு வேகம். அதனால வேகத்தை நொடிக்கு இவ்வளவுன்னு வச்சு, போன ஃப்ரேம்லேர்ந்து எவ்வளவு நேரம் ஆச்சோ அதால பெருக்கணும். அந்த நேரம்தான் டெல்டா டைம். 1978-ல வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'ல எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். வரைய வேண்டியது குறைஞ்சதால தானா நடந்தது. செஞ்ச நிஷிகாடோ அதை அப்படியே விட்டுட்டாரு, ஆட்டமும் சூடாச்சு.

இதை மனப்பாடம் பண்ணாதீங்க. கோடோ இன்ஜின் இலவசம். வாராந்திர லீவுல ஒரே ஒரு சதுரத்தைத் திரையில நகர்த்திப் பாருங்க. நாலு வார்த்தையில மூணு அதுலயே புரிஞ்சிடும். அந்தச் சதுரத்தை வச்சு என்ன விளையாட்டுன்னு யோசிக்கும்போது நாலாவது, மெக்கானிக்கும் வந்துடும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.