வெறுங்கையோடு வந்தாலும் வாருங்கள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஅத்.

 

வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்களைப் பற்றியும், அவர்கள் ஊர் வந்து போகும் அந்தச் சில நாட்களைப் பற்றியும் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்துள்ளார்கள். பொருளீட்டச் சென்றவர்களைப் பற்றிப் பேச எழும் எவரும் அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியே பேசிவிட்டு அமர்ந்துவிடுவது வழக்கம். நான் இன்று அவர்களுடைய வருகையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

சகோதரர்களே! கடல் கடந்து செல்வது நமக்குப் புதிதன்று. குறைஷியர் மாரிக் காலத்திலும் கோடைக் காலத்திலும் மேற்கொண்ட வணிகப் பயணங்களைத் திருக்குர்ஆன் தனியொரு அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. தமிழகக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் இவ்வாறு சென்று வருவோரைச் 'சபுராளி' என்று அழைப்பார்கள். நமக்குத் தெற்கே உள்ள பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் முகைதீன் அவர்கள் முன்னின்று 1801ஆம் ஆண்டில் தோற்றுவித்ததே பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சிங்கப்பூரில் 1826இல் சோழியர் பள்ளியாகிய ஜாமிஆ பள்ளி அமைந்தது. தென்னிந்திய முஸ்லிம்கள் சைகோன் நகரத்தின் நடுவே 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது.

அன்று ஊர் வருவது எளிதாக இருக்கவில்லை. 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜுலா' கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் மக்களைச் சுமந்தது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பிடித்து, பல உயிர்களைப் பலிகொண்டதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. சென்றவர் திரும்ப ஆண்டுகள் பல ஆயின. கடிதம் வந்தால் அதுவே பெருநாள். வளைகுடாப் பயணம் பெருகிய பின்னர், ஒலிநாடாவில் குரலைப் பதிந்து ஊர் வருவோர் கையில் கொடுத்து அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. அதை இங்கே பலரும் அறிவீர்கள்.

இன்று நிலைமை வேறு. இரவில் விமானம் ஏறினால் விடியற்காலையில் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்தால், பகல் உணவுக்கு முன்பே நம் உப்பளங்கள் கண்ணில் பட்டுவிடும். கைபேசியில் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறோம். ஆயினும் சில சகோதரர்கள் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, அதற்கும் மேலாக ஊர் வராமல் இருக்கிறார்கள். ஏன்? இதுவே என் கேள்வி.

முதலில் அங்குள்ள வாழ்வை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். ஒருவர் மேல் ஒருவராகக் கட்டில்கள். முறை வைத்துச் சமையல். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவரும், ஊரில் மௌத்துச் செய்தி கேட்டு உடைந்து போனவரைத் தோளில் சாய்த்துக்கொள்பவரும் அந்த அறை நண்பரே. அவர் எந்த ஊரோ, எந்தச் சமயமோ, அங்கே அவர்தாம் உறவினர். துபாய் தேராவில் உள்ள குவைத் பள்ளியில் ஈமான் அமைப்பினர் ரமலானில் நம் ஊர் நோன்புக் கஞ்சியைக் காய்ச்சி வழங்கி வருகிறார்கள். அந்தக் கஞ்சிக்கு வரிசையில் அமர்பவர்கள் பசிக்காக மட்டும் அங்கே செல்வதில்லை. அந்த மணத்தில் அவர்கள் தம் தாயின் அடுப்படியைக் காண்கிறார்கள். இந்தச் சமூக வாழ்வு அல்லாஹ் அவர்களுக்கு அளித்த ரஹ்மத். ஆயினும் அது பயணியின் நிழல், வீடு ஆகிவிடாது.

2024ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. உயிரிழந்தோரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டவர். 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஊர்ப் பயணத்தைத் தள்ளி வைக்கும் ஒவ்வொருவரும், அவரைத் தள்ளி வைக்கச் செய்யும் ஒவ்வொரு குடும்பமும் அந்த நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் விடுப்பை மறுக்கிறதா? ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு முப்பது நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. சவூதியில் இருபத்தொரு நாட்கள். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு முப்பது நாட்கள். முன்பெல்லாம் நாட்டை விட்டு வெளியேறவே முதலாளியின் அனுமதி தேவைப்பட்டது. கத்தார் அந்த முறையை 2018இல் பெரும்பாலோருக்கு நீக்கி, 2020இல் வீட்டுப் பணியாளர்களுக்கும் விரிவுபடுத்தியது. சவூதியும் 2021 மார்ச்சில் தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்குத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளர், ஓட்டுநர் போன்றோர்க்கு அங்கே அச்சலுகை அப்போது தரப்படவில்லை என்பதும் உண்மை. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அரசுகள் பூட்டிய பூட்டு ஓரளவு திறந்துவிட்டது. நாம் பூட்டிய பூட்டுத்தான் அப்படியே தொங்குகிறது.

அது என்ன பூட்டு? பெட்டி! ஆம், சகோதரர்களே, நாற்பது கிலோ பெட்டி. அத்தாவுக்குக் கைக்கடிகாரம், அம்மாவுக்குக் கம்பளிப் போர்வை, மச்சானுக்குக் கைபேசி, கொழுந்தியாளுக்குத் துணி, பக்கத்து வீட்டுக்குக் கோடாலித் தைலம், எதிர் வீட்டுக்கு அத்தர், கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் பேரீச்சம்பழமும் சோப்பும். இவற்றோடு, 'இந்த முறை வரும்போது மாடியை எடுத்துக் கட்டிவிடலாம்', 'தங்கச்சி கலியாணத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம்' என்ற திட்டங்கள். கட்டட வேலை செய்பவரும் கடையில் நிற்பவரும் வாங்கும் ஊதியத்தில் இதற்கு இடமில்லை. ஆகவே கடன் வாங்குகிறார். திரும்பிப் போன பின் பல மாத ஊதியம் அந்தக் கடனுக்கே போகிறது. இன்னொருவர் கடனுக்கு அஞ்சி, வருவதையே நிறுத்திவிடுகிறார். வீட்டில் கேட்டால் 'லீவு கிடைக்கவில்லை' என்கிறார். லீவு கிடைத்தது, அதைப் பெட்டி விழுங்கிவிட்டது. முகவரிக்கு மாதந்தோறும் பணம் வருகிறது, மனிதர் வருவதில்லை.

அன்பளிப்பு வழங்குவது சுன்னத்து. அது அன்பை வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்டை வீட்டார் தருவது ஆட்டின் குளம்பே ஆனாலும் அதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களை விளித்துக் கூறியதும் ஹதீஸில் உள்ளது. அந்த அறிவுரை பெற்றுக்கொள்பவருக்கும் உரியது. மனம் உவந்து தருவது ஹதியா. முகம் சுளிப்பார்களே என்று அஞ்சித் தருவது வரி.

பயணத்தை வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது என்றும், ஆகவே சென்ற வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பிவிட வேண்டும் என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். விரைந்து திரும்பச் சொன்ன மார்க்கத்தில், எதைக் கொண்டு திரும்ப வேண்டும் என்ற பட்டியல் ஒன்றும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் துயரத்தைக் கேட்டு, தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. எல்லைக் காவலை விட நம் பெட்டி பெரிதா என்று சிந்தியுங்கள்.

இனி, வந்த பின் நடப்பதைப் பார்ப்போம். முப்பது நாளில் பயணத்துக்கு இரண்டு நாள், விருந்துக்குப் பத்து நாள், வங்கி, பத்திரம், ஆதார், வீட்டு வேலை என்று அலைய ஏழு நாள், கலியாணங்களுக்கு ஐந்து நாள், புறப்பாட்டுக்கு மூன்று நாள். மிச்சம் மூன்றே நாள். அதற்குள் பிள்ளை அத்தாவின் மடியில் ஏறப் பழகியிருக்கும். அப்போது அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார்.

நம் உப்பளத்தைப் பாருங்கள். கடல்நீரைப் பாத்தியில் கட்டி நிறுத்தி, வெயில் படவிட்டுப் பொறுமையோடு காத்திருந்தால்தான் உப்பு விளைகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் நீரில் ஒரு கல் உப்பும் உறையாது. உறவும் அப்படியே. வந்தவரை ஓரிடத்தில் அமர விடுங்கள்.

ஆகவே மூன்று தரப்பாரிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

குடும்பத்தாரே! 'என்ன கொண்டு வருகிறாய்' என்று கேட்காதீர்கள். 'எப்போது வருகிறாய்' என்று கேளுங்கள். வந்து சேர்ந்தவரிடம் 'எப்போது திரும்பிப் போகிறாய்' என்பதை முதற் கேள்வியாக ஆக்காதீர்கள். வேலை இழந்து வந்திருப்பவருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள். வீட்டுக் கணக்கை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெறுங்கையோடு வந்தாலும் வாசலில் நின்று வரவேற்பவளே தாய். அதைக் கைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் சில வேளைகளில் விமானச் சீட்டை விட அவருக்குப் பெரிது.

விடுப்பில் வரும் சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். நீங்களும் அவ்வாறே தொடங்குங்கள். உங்கள் நிலையை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இல்லாத செல்வத்தைக் காட்டினால், அதை நம்பி இன்னோர் இளைஞன் கடன் வாங்கி விசாவுக்குப் பணம் கட்டுவான். உங்கள் அறை நண்பரின் பெற்றோர் அருகிலுள்ள ஊரில் இருந்தால், அவர் முஸ்லிமோ அல்லரோ, சென்று பார்த்து அவர் நலத்தைச் சொல்லுங்கள். அது நீங்கள் சுமந்து வந்த அமானிதம். உங்களோடு படித்து, இங்கேயே உப்பளத்திலும் கடலிலும் கடைத்தெருவிலும் உழைக்கும் நண்பரை மறவாதீர்கள். நீங்கள் இல்லாதபோது உங்கள் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அவர்தாம். நீங்கள் இல்லாதபோது மறைந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று ஆறுதல் கூறுங்கள். கபுருஸ்தானுக்குச் சென்று துஆச் செய்யுங்கள்.

ஜமாஅத்தாரே! வந்தவரைக் கண்டதும் நன்கொடைச் சீட்டை நீட்டும் வழக்கத்தை விடுவோம். முதலில் ஸலாமும் நலமும் விசாரிப்போம். விருப்பம் இருந்தால் அவரே தருவார். ஒருவர் ஊர் வந்த வாரத்தில், பள்ளியில் அவரை அமர வைத்து, அங்குள்ள வேலை, ஒப்பந்தம், ஊதியம் பற்றி நம் இளைஞர்களுக்கு உண்மையை எடுத்துரைக்கச் செய்வோம். முற்றாக முடித்துக்கொண்டு வருபவரை, 'முடித்து வந்துவிட்டார்' என்று தாழ்த்திப் பேசாமல், தொழில் தொடங்க வழி சொல்லி அரவணைப்போம்.

உறவைப் பேணுபவர், பதிலுக்குப் பதில் செய்பவர் அல்லர். உறவு அறுந்தபோதும் சேர்ந்து வாழ்பவரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். நாம் பெற்ற பொருள்களுக்கு ஈடாக அவர்களை நேசிக்கவில்லை என்பதை அவர்கள் உணரட்டும். இந்த மலர் கடல் கடந்து அவர்கள் கைகளை அடையும்போது, அதைப் படிக்கும் ஒரு சகோதரரேனும் இந்த ஆண்டுப் பயணத்தை முடிவு செய்தால், என் பேச்சு வீண் போகவில்லை. பெட்டி சிறியதாக இருக்கட்டும். நாட்கள் நிறைவாக இருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் பயணத்தில் இருக்கும் நம் மக்களுக்குப் பாதுகாப்பையும், ஹலாலான ரிஸ்கையும், ஈமானோடு ஊர் திரும்பும் பாக்கியத்தையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் இல்லங்களுக்குப் பொறுமையையும் மகிழ்வையும் நல்குவானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.