சிட்டையும் பேரேடும்

1967ஆம் ஆண்டில் அணுசக்தித் துறையின் கீழ் ஐதராபாத்தில் தோன்றியது இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறியை 1969இல் அது அளித்தது. அந்நாளில் கணிப்பொறிகளின் நினைவகம் பெரும்பாலும் சிறு காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது. இன்றைய நினைவகமோ விரைவு மிக்கது. ஆயினும் மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும்.

கடைக் கணக்குப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். வியாபார நேரத்தில் சிட்டையில் குறித்துக்கொள்வார்; ஓய்வு கிடைத்ததும் பேரேட்டில் ஏற்றுவார். இங்கே நினைவகம் சிட்டை; வட்டு பேரேடு; இயக்க முறைமையின் உட்கருவே கணக்குப்பிள்ளை.

நினைவகம் பொதுவாக 4096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மாற்றம் பெற்று, வட்டில் இன்னும் ஏறாத பக்கத்தை 'அழுக்குப் பக்கம்' என்பர். உட்கருவின் வழியே எழுதினால் அதற்குத் தெரியும். ஆனால் ஒரு நிரல், கோப்பைத் தன் நினைவிடத்திலேயே விரித்து வைத்து எழுதினால் எவ்வாறு தெரியும்? 2006இல் வந்த லினக்ஸ் 2.6.19 இதற்கு ஒரு வழி கண்டது. அத்தகைய பக்கம் முதலில் எழுத இயலாதவாறு பூட்டப்படும். எழுத முனைந்ததும் செயலி உட்கருவை அழைக்கும். உட்கரு அதனைக் குறித்துக்கொண்டு பூட்டைத் திறக்கும். வட்டில் ஏற்றும்போது மீண்டும் பூட்டும்.

லினக்ஸின் இயல்பான ஏற்பாட்டின்படி, 5 விநாடிக்கு ஒரு முறை விழிக்கும் பணியாள், 30 விநாடி கடந்த அழுக்குப் பக்கங்களை வட்டில் ஏற்றுவான். அதற்குள் மின்சாரம் நின்றால் அவை போயின! ஆகவேதான் பணக் கணக்கை ஏற்கும் நிரல்கள், "இப்பொழுதே ஏற்றுக" என்று உட்கருவுக்கு ஆணையிட்டு, விடை வரும்வரை காத்திருக்கின்றன.

அந்த விடையையும் முற்றும் நம்பலாமா? 2018இல் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள நிரலை ஆக்குவோர் ஓர் உண்மையைக் கண்டு திடுக்கிட்டனர். வட்டில் எழுதுவது தவறினால் உட்கரு பிழையை ஒரு முறை கூறும். ஆனால் பக்கத்தின் அழுக்குக் குறியையும் நீக்கிவிடும். மறுமுறை ஆணையிட்டால் "நலமே" என்ற விடை வரும். பேரேட்டிலோ கணக்கு இராது! 2019 முதல் அந்நிரல், இத்தகைய பிழை கண்டால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, முன்னரே எழுதி வைத்த பதிவேட்டிலிருந்து கணக்கைச் சீராக்குகிறது.

பேரேட்டில் ஏறியதை உறுதி செய்யாமல் சிட்டையின் குறியை அழிக்கலாகாது. கடைக்கும் கணிப்பொறிக்கும் இவ்விதி ஒன்றே.