முயலகன் முதுகில் இறங்கும் பாரம்

நெய்வேலி நகரியத்து நடராசர் கோயிலில் இருக்கும் ஐம்பொன் ஆடவல்லானின் உயரம் 10 அடிக்குச் சற்று மேல். எடை 2,420 கிலோ. பார்ப்பவர் கண் தூக்கிய திருவடிக்குப் போகும், விரிசடைக்குப் போகும். ஊன்றிய காலடியில் கிடக்கும் முயலகனிடம் அது தங்குவதில்லை. ஆனால் ஸ்தபதியின் கணக்கில் அவன் முக்கியமான ஆள். ஒற்றைக் காலில் நிற்கும் உருவத்தின் பாரம் கணுக்கால் வழியாக அவன் முதுகில் இறங்கித்தான் பீடத்துக்குப் போகிறது. சிற்ப நூல்கள் உருவத்தைத் தாலத்தால், அதாவது முக நீளத்தால் அளக்கின்றன; சிவனுக்குப் பத்துத் தாலத்தின் மேல்வகையான உத்தம தசதாலமாக 124 அங்குலம் வகுக்கின்றன. முயலகனைப் போன்ற குள்ள உருவங்களுக்கு நான்கு தாலம்தான். (இந்த அங்குலம் கடை அளவுகோலில் உள்ளதல்ல, உருவத்தின் உயரத்தையே பகுத்து எடுப்பது.) குட்டையும் அகலமுமான அந்த உடல்வாகு பாரம் தாங்க ஏற்றது. உலகில் இல்லாத உயிரை வார்க்கும்போது, அதன் வடிவத்தைக் கற்பனை மட்டும் முடிவு செய்வதில்லை; எடையும் உலோகத்தின் ஓட்டமும் கூடவே முடிவு செய்கின்றன என்பதே நான் சொல்ல வருவது.

சுவாமிமலைப் பட்டறைகளில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் முதலில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, பிறகு முரட்டு மண் அப்பி, கம்பி கட்டி, வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்துக்குள் உருகிய உலோகம் ஓட வேண்டும். தடித்த பகுதியில் சூடு நிற்கும். மெல்லிய பகுதி சட்டென்று உறைந்துவிடும். தனியே நீண்டு நிற்கும் ஒல்லியான வால், நுனி நிறையாமல் மொட்டையாகிப் போகலாம். யாளியின் வால் முதுகோடு படிந்து சுருண்டாலோ, பிடரி மயிர் சுருள்சுருளாக உடலோடு ஒட்டினாலோ, அழகோடு இந்தக் கவலையும் தீர்கிறது. பாதி பாம்பு உடல் கொண்ட பதஞ்சலி முனிவரின் செப்புத் திருமேனிகளில் இடுப்புக்குக் கீழே வரும் பாம்புச் சுருளே பீடத்தின் வேலையையும் செய்கிறது.

“பதஞ்சலி பாம்பானது புராணத்தால்; உலோகத்தால் அல்லவே?” என்று கேட்கலாம். உண்மைதான். பாம்பு என்று சொன்னது புராணம். எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன், எங்கே அகலம் என்பதெல்லாம் கைக்குக் கிடைத்த உரிமை. கல் யாளியும் இதே போலத்தானே இருக்கிறது என்பது இதைவிட வலுவான மறுப்பு. கல்லுக்கு ஓட்டச் சிக்கல் இல்லை. ஆனால் நீட்டி நிற்பது முறியும். காரணம் வேறாக இருந்தும் இரண்டு பொருளும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. அதனால் எது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற கேள்வியை இந்த வாதத்தால் தீர்க்க முடியாது.

இன்று களிமண்ணில் டிராகன் செய்து, சிலிக்கோன் அச்செடுத்து, ரெசின் ஊற்றும் இளைஞர்கள் பலர். அச்சு ரப்பர் போல வளைவதால் திறந்த வாயும் கோரைப்பல்லும் சிக்காமல் கழன்று வரும். ஒன்றுக்குப் பத்து எடுக்கலாம். மெழுகு முறையில் மண் அச்சை உடைத்தாக வேண்டும், ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அப்படியானால் பழைய கட்டுப்பாடெல்லாம் தீர்ந்ததா? தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. ரெசினில் சிறகு நுனியில் காற்றுக்குமிழ் அடைபடும்; அது வெளியேற வழி வைக்க வேண்டும். கணினித் திரையில் வரைந்த சிறகுக்கோ எடையே கிடையாது. அதை வெண்கலத்தில் வார்க்கப் போகிறவர் மெழுகை நிறுத்துப் பார்க்கட்டும்: உலோகம் அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு கனக்கும். அந்தச் சிறகை எந்தக் கால் தாங்கும் என்று அப்போதாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.