அந்தப் பிள்ளைக்கும் தமிழ் உரியது



1923ஆம் ஆண்டு மலாயாவில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்றது. பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிகளின் பிள்ளைகள் பலர் அத்தகைய தோட்டப் பள்ளிகளில்தான் தமிழ் எழுதப் பழகினார்கள். அன்று சட்டம் பத்துப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தது. இன்று நான் ஒரே ஒரு பிள்ளைக்காகப் பேச வந்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. பள்ளிச் சபைக்கூடல் இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை. ஆட்டிசம் உள்ள நம் பிள்ளை.

அந்தப் பிள்ளை பல வீடுகளில் முதலில் இழப்பது தமிழை. "இரண்டு மூன்று மொழி கேட்டால் குழம்பிவிடுவான், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அம்மா தனக்குச் சரளமாக வராத மொழியில் அரைகுறையாகப் பேசத் தொடங்குகிறார். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். பேச்சு அதிகமாகத் தேவைப்படும் பிள்ளையின் வீட்டில் பேச்சே குறைந்துபோகிறது.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2012இல் ஹாம்ப்ளி, ஃபாம்போன் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரு மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் கேட்டவர்களைவிடக் கூடுதலாகப் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். ஆகவே தாய்மார்களே, உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் வாய் ஓயாமல் தமிழில் பேசுங்கள்.

ஆசிரியர்களே, இனி வகுப்பறைக்கு வருவோம். "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறீர்கள். பிள்ளையும் "தண்ணி வேணுமா?" என்கிறான். கிளிப்பிள்ளை போல் சொல்கிறான் என்று விட்டுவிடுகிறோம். மருத்துவர் லியோ கன்னர் 1943இல் ஆட்டிசம் உள்ள பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இந்த எதிரொலிப் பேச்சு இருக்கிறது. அது வெறும் ஒலி அன்று, பல நேரங்களில் அதற்குள் ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று 1980களில் பேரி பிரைசன்ட் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளைக்குத் தாகம். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் தண்ணீர் வரவழைக்கும் பேச்சாக அவன் பிடித்து வைத்திருக்கிறான். அப்போது கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். அவன் சொல்ல வேண்டியதை நீங்களே "தண்ணி வேணும்" என்று சொல்லிக் காட்டி, அந்தக் கணமே தண்ணீரைக் கொடுங்கள். சொன்னால் கிடைக்கிறது என்று பிள்ளை அறிவதுதான் மொழிப் பாடத்தின் முதல் பக்கம்.

பேச்சுத் தமிழில் தொடங்குங்கள். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்ற பாடநூல் வாக்கியம் பிறகு வரட்டும். வீட்டிலும் சிற்றுண்டிச்சாலையிலும் அவன் கேட்பதும், அவனுக்கு உடனே பயன்படுவதும் பேச்சுத் தமிழ்தான்.

வாய் திறக்காத பிள்ளைக்குப் பட அட்டை இருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கிய முறையில், பிள்ளை தனக்கு வேண்டிய பொருளின் படத்தை எடுத்து நம் கையில் கொடுப்பான். நாம் பொருளைக் கொடுப்போம். அட்டை பழகினால் பேச்சு வராது என்று அஞ்ச வேண்டாம். பட அட்டை பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தோசையும் கழிவறையும் பாட்டியின் முகமும் அந்த அட்டைகளில் இருக்கட்டும். அடியில் தமிழில் எழுதுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு நாமே பதிலும் சொல்லிவிட்டால் அவன் முறை பறிபோகிறது.

சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2019 முதல் மலேசியக் கல்வி அமைச்சின் கொள்கை. ஆனால் கதவு திறந்தால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், துணையாளர் வேண்டும், சிறப்புக் கல்வி வகுப்பு வேண்டும். இவை பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இல்லாதபோதுதான் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். அண்ணனும் அக்காவும் தமிழ்ப்பள்ளியில் படிக்க, தம்பி மட்டும் தமிழ் எழுத்தே அறியாமல் வளர்கிறான்.

ஆகவே கேட்கிறேன். பெற்றோரே, பேச்சில் ஐயம் எழுந்த அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள்; ஊர் என்ன சொல்லும் என்று ஒளித்து வைக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, உங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லையென்றால் இந்த ஆண்டே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். ஆலயத் தலைவர்களே, திருவிழாச் செலவில் ஒரு பங்கை அந்த வகுப்பின் பட அட்டைகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். நம் பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் தரும் பள்ளியாக அது இருந்தால்தான் அந்தக் கோரிக்கைக்கு நியாயம் உண்டு.