பார்சலில் வரும் மாத்திரை

இணையவழி மருந்து விற்பனைக்கு எதிராகத் தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2018 டிசம்பர் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார். சில வாரங்களுக்குள் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. கருக்கலைப்பு மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது சட்டம். கருவான நொடி முதல் உயிர் இறைவனின் கொடை என்பது நம் விசுவாசம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்து, விடுதியில் தங்கியிருக்கும் மகள் ஒருத்தி அந்த மாத்திரையை ரகசியமாகத் தேடுவது ஏன்? நம் வாய்க்குப் பயந்துதானே! இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவாள். கல்லோடு நின்றவர்கள் நடுவே அந்தப் பெண்ணின் உயிரைத்தான் இயேசு முதலில் காத்தார்.

பார்சலை நீதிமன்றம் தடுக்கலாம். பயத்தைப் போக்க வேண்டியவர்கள் நாம். அவள் உங்கள் கதவைத் தட்டினால், விசாரிக்காமல் உள்ளே அழையுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். ஆமென்.